ரோபோவுக்குச் சரிவுப் பலகை, சக்கர நாற்காலிக்கு மூன்று படி

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண நகரில் உள்ள ஓர் உணவகத்துக்குச் சாப்பாடு பரிமாறும் ரோபோ வந்திருக்கும் செய்தியைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். சிறுவர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுப்பதையும், ஞாயிறு இரவில் சனம் இடமில்லாமல் வெளியில் காத்து நிற்பதையும் உங்கள் செய்தியாளர் விவரித்திருந்தார். அந்தச் செய்தியில் இல்லாத சில விடயங்களை எழுதவேண்டும் என்று தோன்றியது. உணவு பரிமாறும் தொழிலைக் கற்பிக்கிறவள் நான். சாதாரண தரத்தோடோ உயர்தரத்தோடோ படிப்பை விட்ட பிள்ளைகளைப் பழக்கித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு அனுப்புவது என் வேலை. முல்லைத்தீவிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்து இங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்களே அதிகம். என் மாணவிகள் இருவர் அந்த உணவகத்தில்தான் பயிலுனர்களாக இருந்தார்கள். ரோபோ வந்த கிழமையே இருவரையும் "இனி வரவேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

"ரீச்சர், நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரு பிழையும் விடவில்லை. தட்டுகளைச் சமையலறையிலிருந்து மேசைக்குக் கொண்டுபோவதுதான் அவர்களுக்குக் கொடுத்திருந்த வேலை. அந்த வேலையைத்தான் இந்த இயந்திரம் செய்கிறது.

அது என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று பார்க்க நானே போய் ஒரு மேசையில் இருந்தேன். சக்கரத்தில் உருளும் ஒரு தட்டு அலுமாரிதான் அது. இப்படியான இயந்திரங்கள் லேசர் உணரியாலும் கமெராவாலும் மண்டபத்தை அளந்து, எந்த மேசை எங்கே என்று மனதில் வைத்துக்கொள்கின்றன. ஆள் குறுக்கே வந்தால் நின்று, விலகியதும் நகரும். உலகில் அதிகம் விற்பனையாகும் சீனத் தயாரிப்பு ஒன்றுக்கு நான்கு தட்டுகள், தட்டுக்குப் பத்துக் கிலோ தாங்கும். நாற்பது கிலோவை ஒரே நடையில் கொண்டுபோக எந்தப் பிள்ளையாலும் ஏலாது. பாரம் தூக்கி முதுகு போன வெயிட்டர்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரத்தை இயந்திரம் சுமப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது மேசையருகே வந்து நின்றுவிடும். தட்டை எடுத்து வைக்காது. சாப்பிட வந்தவர் தானே எழும்பி எடுக்கவேண்டும், அல்லது பின்னால் ஒரு ஆள் வரவேண்டும். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த வயதான அம்மா சூடான சொதிக் கிண்ணத்தைத் தூக்கப் பயந்துகொண்டு, யாராவது வருவார்களா என்று பார்த்தபடி இருந்தார். நான் எழும்பி எடுத்து வைத்தேன்.

தட்டுச் சுமப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தண்ணீர்ச் செம்போடு மேசைகளுக்கிடையில் நடக்கும் முதல் மாதங்களில்தான் ஒரு பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கப் பழகுகிறாள். கந்தசஷ்டி விரதகாரர் உள்ளி, வெங்காயம் போட்டதா என்று கேட்கக் கூச்சப்படுவார். அவர் கேட்கமுன்னமே சொல்லவேண்டும். மடியில் குழந்தையோடு இருக்கும் தாய்க்கு ஒரு கை போதாது. இடியப்பத்தைக் கொஞ்சம் பிசைந்து கொடுக்கலாமா என்று கேட்கவேண்டும். சீனி வருத்தம் உள்ள ஐயா மகளுக்குத் தெரியாமல் கேசரிக்குச் சொல்லுவார். இதையெல்லாம் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க ஏலாது. தட்டுச் சுமக்கும் வேலை போனால், அடுத்த படிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? பத்து வருடம் கழித்து மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் தேடும்போது இந்த முதலாளிமார் யாரிடம் போவார்கள்?

சட்டமும் இந்தப் பிள்ளைகளுக்குத் துணை நிற்காது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தாது. 180 நாள் சேவை முடிக்காதவருக்கும் பொருந்தாது. யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் எத்தனை கடைகளில் பதினைந்து பேர் பதிவில் இருக்கிறார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எந்தக் காகிதமும் எழுதாமல் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பதுதான் இன்றைய நிலைமை.

அங்கே நான் பார்த்த இன்னொன்றுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. சமையலறைக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு சின்னப் படி இருக்கிறது. ரோபோவால் படி ஏற முடியாது. அதனால் அந்த இடத்தில் அழகாக ஒரு சரிவுப் பலகை செய்து, வழுக்காமல் இருக்க மேலே இறப்பர் விரிப்பும் ஒட்டியிருக்கிறார்கள். அதே உணவகத்தின் முன்வாசலில் மூன்று படி. சரிவும் இல்லை, கைபிடியும் இல்லை. என் தம்பியை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது.

தம்பி 2009 இல் ஷெல் துண்டு பட்டு முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவன். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அன்றைக்கு அவன் பாடசாலை மாணவன். பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போகக்கூடிய வழி இருக்கவேண்டும் என்று 2006 இலேயே ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் அவற்றைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று 2011 இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. எங்கள் நகரில் அதற்குப் பிறகு எழும்பிய உணவகங்களையும் விடுதிகளையும் நான் தம்பிக்காகவே பார்த்துக்கொண்டு திரிகிறவள். பெரும்பாலானவற்றில் படிதான். காசு இல்லை, இடம் இல்லை என்பார்கள். இயந்திரத்துக்குப் பலகை வைக்கக் காசும் இடமும் இருந்திருக்கின்றனவே.

முதலாளிமார் பக்கத்து நியாயத்தையும் நான் கேட்காமல் இல்லை. "ஆக்கள் இல்லை அக்கா, எல்லாரும் வெளிநாடு போட்டாங்கள்" என்று சொல்கிறார்கள். உண்மைதான். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு என்னிடம் படித்த பெடியள் எத்தனையோ பேர் டுபாய்க்கும் கட்டாருக்கும் மாலைதீவுக்கும் போய்விட்டார்கள். ஆனால் இங்கே அவர்களை வைத்திருந்த விதம் என்ன? விடிய ஐந்து மணிக்குத் தோசைக்கல் சூடாகும்போது தொடங்கி இரவு பத்து மணிக்கு நிலம் கழுவும்வரை வேலை. படுக்க மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பாய். சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்டால் அடுத்த நாள் முகம் கறுக்கும். பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் போடும் இடங்களில்கூட அது பெடியளின் கைக்கு முழுதாக வருவதில்லை. அந்த ரோபோ உருளும் கடையிலும் என் பில்லில் பத்து வீதம் போட்டிருந்தார்கள். பரிமாறியது யார், அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று கேட்டேன். காசாளர் மேசையில் இருந்த பெடியனுக்குப் பதில் தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். மனிதர் பரிமாறாத மேசைக்குச் சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது. வாங்கினால் அந்தக் கடையில் நிற்கும் மனிதருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

ஜப்பானைப் பாருங்கள் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்டில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். உண்மையிலேயே கை குறைந்த நாடு. ஸ்கைலார்க் என்ற உணவகக் குழுமம் 2022 முடிவதற்குள் ஏறத்தாழ மூவாயிரம் பூனைமுக ரோபோக்களைத் தன் கிளைகளில் விட்டது. அதே ஜப்பானில்தான் நாகசாகி மாநிலத்தில் 2015 இல் ரோபோக்கள் நடத்தும் விடுதி என்று ஹென் நா ஹோட்டல் திறக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அங்கே இருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அறையில் வைத்திருந்த பொம்மை, விருந்தினர் குறட்டை விடுவதைக் கேள்வி கேட்பதாக எடுத்துக்கொண்டு நடுச்சாமத்தில் அவரை எழுப்பி எழுப்பிக் கேட்டதாம். இயந்திரங்களால் அதிகரித்த வேலையைச் சமாளித்தவர்கள் அங்கேயும் மனித ஊழியர்கள்தான்.

நாங்கள் பார்க்கவேண்டிய இடம் டோக்கியோவின் நிஹொன்பாஷியில் இருக்கிறது. 2021 ஜூனில் அங்கே 'டோன்' என்ற பெயரில் ஒரு கோப்பிக்கடை திறந்தார்கள். பரிமாறுவது ரோபோதான், ஆனால் அதற்குள் இருந்து கதைப்பதும் அதை நடத்துவதும் மனிதர். தசை செயலிழக்கும் நோயாளர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர் என்று பலர் தங்கள் படுக்கையிலிருந்தே இணையத்தின் ஊடாக அந்த ரோபோக்களை இயக்குகிறார்கள். கை அசையாதவர் கண்ணால் இயக்கலாம். சின்ன ரோபோ மேசையில் இருந்து உபசரிக்கும். 120 சென்ரிமீற்றர் உயரமான மற்றது கோப்பையைக் கொண்டுவரும். இயக்குகிறவருக்குச் சம்பளம் உண்டு. இதை உருவாக்கிய ஓரி யோஷிஃபுஜி சிறு வயதில் நோயால் மூன்றரை வருடம் பாடசாலை போகாமல் வீட்டில் கிடந்தவர். நான்கு வயதில் வாகன விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த நண்பர் ஒருவர் அவருடைய ரோபோ ஒன்றின் ஊடாக அவருக்குச் செயலாளராக வேலை செய்தார். படுக்கையில் இருப்பவர் உபசரிக்கக்கூடிய ஒரு ரோபோ வேண்டும் என்ற எண்ணம் அந்த நண்பரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. நண்பர் 2017 இல் காலமானார். 2018 நவம்பரில் முதல் சோதனைக் கடையை நடத்தினார்கள்.

இந்தக் கடையைப் பற்றிய காணொளி ஒன்றைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, கப் கொட்டுண்டால் ஆர் துடைக்கிறது?" தொழில் தெரிந்தவன் கேட்கும் கேள்வி அது. பதில், பக்கத்தில் நிற்கும் ஊழியர். அந்தக் கடையிலும் நடமாடக்கூடிய ஊழியர்கள் இருக்கிறார்கள். ரோபோ வந்ததற்காக அவர்களை அனுப்பவில்லை.

தம்பிக்குத் தொழில் எப்படித் தெரியும் என்றால், அவன் சில வருடங்களாக என் வகுப்பில் இருக்கிறான். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு விருந்தினர் வேண்டும். மேசையில் போனை நிறுத்தி அவனை அழைப்பேன். ஒருநாள் ரொறொன்ரோவிலிருந்து வந்த பெரியப்பா, அடுத்த நாள் கோபக்கார வங்கி முகாமையாளர், இன்னொரு நாள் தமிழ் தெரியாத வெள்ளைக்காரர். அவன் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்கப் பிள்ளைகள் திணறித் திணறியே பழகிவிட்டார்கள். வகுப்பு முடிந்ததும் யார் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை, யார் விலை சொல்ல மறந்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்லுவான். அவனிடம் பாராட்டு வாங்கவேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் முதல் நாள் இரவு பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள். படுக்கையில் இருக்கும் ஒருவரால் ஒரு மேசையை நடத்த முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வடக்கில் தம்பியைப் போல எத்தனையோ பேர். சிலர் ஓமந்தையிலோ மாங்குளத்திலோ உள்ளே தள்ளிய குடியிருப்புகளில், காற்று மெத்தையும் ஒரு போனும் ஒரு ஜன்னலுமாக இருக்கிறார்கள். தாய் உயிரோடு இருக்கும்வரை புரட்டிப் படுக்க வைக்க ஆள் உண்டு. அரச வேலைகளில் மூன்று வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988 இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் வேலைக்குப் போக வீதிக்கு வரவேண்டுமே. போருக்குப் பிறகு உதவி என்று வந்ததெல்லாம் கோழிக்கூடும் பெட்டிக்கடையும்தான். அவற்றால் பிழைத்தவர்களும் உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மற்ற மனிதரோடு கதைப்பதே வேலையாகக் கிடைத்தால், அதன் பெறுமதியை நாற்பது கிலோ சுமப்பதோடு ஒப்பிடவே முடியாது.

இதை இங்கே செய்வது கடினம் என்று நான் நினைக்கவில்லை. டோக்கியோவின் இயந்திரத்தை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. சக்கர நாற்காலிக்குப் போடும் மோட்டரும் பற்றரியும், ஒரு கமெரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, இரண்டு தட்டு இருந்தால் தொடங்கலாம். இயக்குகிறவரின் கட்டளை இணையத்தின் ஊடாக வந்து சேரக் கொஞ்சம் தாமதிக்கும். ஆகவே மெதுவாகத்தான் நகரவேண்டும். இணைப்பு அறுந்தால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். யாரிலும் முட்டாமல் தானாக நிற்கும் உணரி கட்டாயம் வேண்டும். கடையிலும் வீட்டிலும் மின்சாரம் போனாலும் இணைப்பு இருக்கச் சிறிய பற்றரி வைக்கவேண்டும். 2022 மார்ச்சில் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் அங்கே படிக்கும் பிள்ளைகள் யாருடைய கண்ணிலாவது பட்டால், இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். செய்யத் தொடங்குமுன் இயக்கப்போகிறவரின் கட்டிலருகே ஒரு நாள் வந்து இருங்கள். கையில் எவ்வளவு பலம் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஒரே பக்கமாகப் படுக்கலாம் என்பதை அவரிடம்தான் கேட்கவேண்டும். தம்பியைப் போன்றவர்களுக்கு எட்டு மணித்தியால வேலை சரிவராது. இரண்டு இரண்டு மணித்தியாலமாக நான்கு பேர் ஒரே ரோபோவைப் பகிரலாம்.

இதே கம்பி வழியாக அநியாயமும் வரலாம் என்பதை நான் மறக்கவில்லை. 2024 இல் நியூயோர்க்கில் சில உணவகங்களில் காசாளர் இடத்தில் ஒரு திரை வைக்கப்பட்டது. அதில் தோன்றி வரவேற்றவர்கள் பிலிப்பைன்ஸில் தங்கள் வீட்டில் இருந்த பெண்கள். அந்த நகரில் அப்போது மணித்தியாலத்துக்குக் குறைந்த சம்பளம் 16 டொலராக இருந்தது. அவர்களுக்குக் கொடுத்ததோ மூன்று டொலர் அளவில் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஆட்களுக்கு லண்டனிலும் ரொறொன்ரோவிலும் எத்தனையோ உணவகங்கள். ஊரில் படுத்திருக்கிறவனுக்கு ஏதோ கொடுத்தால் போதும் என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்களும் தொடருவார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்: சாப்பிடுகிறவர் எந்த நகரில் இருக்கிறாரோ அந்த நகரின் சம்பளமே உபசரிக்கிறவருக்கும் நியாயமான சம்பளம். யாழ்ப்பாணத்துக் கடையென்றால் இங்கே நின்று பரிமாறுகிறவருக்குக் கொடுக்கும் மணித்தியாலக் கணக்கு, ஒரு ரூபாவும் குறையாமல். தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே யாரையும் கணக்குப் பார்க்கவே கூடாது. சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி இரண்டும் கட்டவேண்டும்.

கமெரா பற்றியும் பேசவேண்டும். இப்போது நகரில் உருளும் ரோபோவின் கமெரா என்னத்தைப் பார்க்கிறது, பார்த்ததை எங்கே வைக்கிறது என்று கடையில் ஒரு அறிவித்தலும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. காதலித்துக்கொண்டு வரும் பெடியனும் பெட்டையும், கடன் கேட்டுக் கதைக்க வந்த இருவரும், ஒரு உணவகத்துக்குள் கொஞ்சம் மறைவை எதிர்பார்த்துத்தான் நுழைகிறார்கள். மனிதர் இயக்கும் ரோபோ என்றால் இது இன்னும் முக்கியம். இந்த மேசைக்கு இன்ன பெயருடைய ஒருவர் வீட்டிலிருந்து வருகிறார், அவர் உங்களைப் பார்க்கிறார், எதுவும் பதிவாகாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும். விரும்பாதவர் வேறு மேசைக்குப் போகலாம். மறுபக்கத்தில் இயக்குகிறவருக்கும் மறைவு உண்டு. தம்பி தன் படுக்கையை யாருக்கும் காட்ட விரும்பவில்லை. குரல் மட்டும் போதும் என்கிறான். அனுதாபப் படம் எடுத்து முகநூலில் போட வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கக்கூடாது. டோக்கியோ ரோபோவுக்கு ஜப்பானிய நோ நாடக முகமூடியைப் போல உணர்ச்சி காட்டாத வெள்ளை முகம் வைத்ததும், பார்ப்பவர் மனதில் பேசுகிறவரின் முகம் எழட்டும் என்பதற்காகத்தான்.

முதலில் ஒரே ஒரு கடை, அதில் ஒரே ஒரு மேசை போதும். வேலை செய்துகொண்டிருக்கும் யாரையும் நிறுத்தாத கடையாக இருக்கவேண்டும். ரோபோவோடு சேர்ந்து பரிமாற, நிறுத்தப்பட்ட என் மாணவிகள் இருவரும் ஆயத்தமாக இருக்கிறார்கள். இயக்குகிறவர்களுக்கு உபசரிப்புப் பயிற்சியை நான் என் ஓய்வு நேரத்தில் போன் வழியாகவே கொடுக்கிறேன். பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, தேநீர் நேரம், தனக்கு வசதி என்று தம்பி சொல்கிறான். அந்த நேரத்தில் அவனுக்கு முதுகு நோவு குறைவு. பயிற்சி முடிந்த நாளிலிருந்து அவர்களின் பெயர் கடையின் சம்பளப் பட்டியலில் இருக்கவேண்டும் என்பது ஒன்றே நாங்கள் கேட்கும் நிபந்தனை. இதற்கு இணங்கும் உணவக உரிமையாளர்கள் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதினால், நான் நேரில் வந்து கதைக்கிறேன்.

இப்படிக்கு,
உணவு பரிமாறல் பயிற்சிப் போதனாசிரியை,
கோண்டாவில்.